பைசாந்திய அரசர் வரலாறுகளில் புளூட்டார்க்கின் பங்கு எவ்வளவு?

கான்ஸ்டான்டிநோபிளைத் தலைநகராகக் கொண்டிருந்த பைசாந்தியப் பேரரசின் அரசர்களைப் பற்றிய வாழ்க்கை வரலாறுகள், பண்டைய கிரேக்க வாழ்க்கை வரலாற்றாசிரியர் புளூட்டார்க்கைப் பார்த்து எழுதப்பட்டவை என்கிறார்களே, அது எவ்வளவு தூரம் உண்மை, ஒரு நூலைக் கையில் எடுத்தால் அந்தச் சாயலை எப்படிக் கண்டுபிடிப்பது என்பது கேள்வி.

பாதி உண்மை. 10, 11ஆம் நூற்றாண்டுகளில் கான்ஸ்டான்டிநோபிளில் எழுதியவர்களுக்குப் புளூட்டார்க் நன்றாகவே தெரியும். ஆனால் அவர்கள் எழுதிய அரசர் வரலாறுகளின் எலும்புக்கூடு அவரிடமிருந்து வந்ததல்ல. பள்ளியில் சொல்லிக்கொடுத்த பேச்சுக்கலையிலிருந்து வந்தது. புளூட்டார்க்கிடம் எடுத்துக்கொண்டது வேறு: ஒரு மனிதனை அவனுடைய சின்னச் செய்கையில் வைத்துப் பிடிக்கும் கலை. நல்லவனைக் காட்டப் பள்ளிப் பாடமே போதும். கெட்டவனையும், நல்லதும் கெட்டதும் கலந்தவனையும் காட்டத்தான் புளூட்டார்க் வேண்டியிருந்தார். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காதவருக்குக் கண்ட இடமெல்லாம் புளூட்டார்க்தான் தெரிவார்.

முதலில் எலும்புக்கூடு. சைப்ரஸ் தீவின் சலாமிஸ் நகரை ஆண்ட எவாகரஸ் இறந்தபின், கி.மு. 370ஐ ஒட்டி, ஏதென்ஸின் பேச்சுக்கலை ஆசிரியர் ஐசோகிராட்டீஸ் அவனைப் புகழ்ந்து ஓர் உரை எழுதினார். தன் காலத்து மனிதன் ஒருவனை உரைநடையில் புகழ்வது இதுவரை யாரும் செய்யாத வேலை என்று அவரே அதில் சொல்லிக்கொள்கிறார். சில ஆண்டுகளில் கிரேக்க எழுத்தாளர் செனோபோன், ஸ்பார்ட்டா அரசன் அகெசிலாவுஸுக்கு அதே வகையில் ஒரு நூல் எழுதினார். அதன் அமைப்பைக் கவனிக்க வேண்டும்: முதலில் செயல்கள் கால வரிசையில், அதன் பிறகு பக்தி, நேர்மை, தன்னடக்கம், வீரம் என்று குணங்கள் ஒவ்வொன்றாக. இந்த இரட்டை அமைப்பு ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் கழித்தும் அப்படியே உயிரோடு இருக்கும்.

இதைப் பாடமாக்கியது கி.பி. 3ஆம் நூற்றாண்டின் இறுதியில் மெனாண்டர் என்ற பெயரில் வழங்கிய ஒரு கையேடு. அரசனைப் புகழும் உரைக்கு அது தரும் தலைப்பு வரிசை: முன்னுரை, நாடு, குலம், பிறப்பு, இயல்பு, வளர்ப்பு, பழக்கங்கள், போர்ச் செயல்கள், அமைதிக்காலச் செயல்கள், நற்பேறு, முந்தைய ஆட்சிகளோடு ஒப்பீடு, கடைசியில் ஆட்சி நீடிக்க ஒரு வேண்டுதல். செயல்களை வீரம், நீதி, அடக்கம், விவேகம் என்ற நான்கு குணங்களின் கீழ் பகுத்து வைக்க வேண்டும். பொருள் போதாதபோது என்ன செய்வது என்றும் அது சொல்கிறது. ஊர் பேர்பெற்றது இல்லையென்றால் இனத்தைப் புகழ். குலம் சொல்லும்படி இல்லையென்றால் அதைத் தாண்டி அரசனிடமிருந்தே தொடங்கு. ரோமுலஸுக்கும் சைரஸுக்கும் பிறப்பில் நிகழ்ந்ததுபோல அறிகுறி ஏதாவது உண்டா என்று தேடு. நம்பும்படி ஒன்றைப் புனைய முடிந்தால் தயங்காமல் புனை, ஏனென்றால் புகழுரையைக் கேட்பவர்கள் அதைச் சோதித்துப் பார்க்காமல் ஏற்றுக்கொண்டுதான் ஆக வேண்டும். இவ்வளவு வெளிப்படையாக எழுதிவைத்த கையேடு அபூர்வம். பைசாந்திய நூல் எதையும் திறப்பதற்கு முன் இந்தச் சில பக்கங்களைப் படித்துவிடுவது நல்லது.

ஆயர் யூசிபியஸ் எழுதிய, ரோமின் முதல் கிறித்தவப் பேரரசன் கான்ஸ்டன்டைனின் வரலாறு இந்த வழியில் வந்த முதல் கிறித்தவ நூல். நான்கு புத்தகங்கள் கொண்டது. சைரஸையும் அலெக்சாண்டரையும் இழுத்துவந்து தன் நாயகனுக்குக் கீழே நிறுத்துகிறது, பிறகு மோசேயோடு ஒப்பிடுகிறது. ஒப்பீட்டுத் தலைப்பு பழையது, அதில் நிற்கும் ஆள் புதியவர். தாவீதும் சாலமோனும் அலெக்சாண்டருக்குப் பக்கத்தில் வந்து நிற்பது இதற்குப் பின் வழக்கமாகிவிட்டது.

அதன்பிறகு நீண்ட இடைவெளி. 9ஆம் நூற்றாண்டுத் துறவி தியோபானிஸின் வரலாறு 284 முதல் 813 வரை ஆண்டு ஆண்டாக நகர்வது. ஒவ்வோர் ஆண்டின் தலையிலும் உலகத் தோற்ற ஆண்டு, பேரரசனின் ஆட்சியாண்டு, அரபு ஆட்சியாளர், ஆயர்கள் என்ற கணக்கு. இப்படி எழுதினால் ஓர் அரசனின் குணம் இருபது ஆண்டுகளில் துண்டு துண்டாகச் சிதறிவிடும். 10ஆம் நூற்றாண்டின் நடுவில் ஏழாம் கான்ஸ்டன்டைனின் அரண்மனையில் இந்த நூலுக்குத் தொடர்ச்சி எழுதச் சொன்னபோது ஆண்டுக் கணக்கைக் கைவிட்டார்கள். ஐந்தாம் லியோவுக்கு ஒரு புத்தகம், இரண்டாம் மைக்கேலுக்கு ஒன்று, தியோபிலஸுக்கு ஒன்று, மூன்றாம் மைக்கேலுக்கு ஒன்று. ஐந்தாவது, கான்ஸ்டன்டைனின் தாத்தா முதலாம் பசிலுக்கு. வரலாற்றின் அலகே ஆண்டிலிருந்து ஆளுக்கு மாறியது. பண்டைய வாழ்க்கை வரலாற்றின் செல்வாக்கு என்று ஒன்றை மட்டும் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்ல வேண்டும். தனித்தனி வரிகளில் இருக்கும் ஒற்றுமைகள் இதற்கு அடுத்தபடிதான்.

மூலநூல்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தன. 9ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டான்டிநோபிளின் மறைமுதல்வராக இருந்த போட்டியஸ் தன் வாசிப்புக் குறிப்புத் தொகுப்பில் புளூட்டார்க்கின் ‘இணை வாழ்க்கைகள்’ நூலிலிருந்து பல பகுதிகளை எடுத்துக் கொடுத்திருக்கிறார். கான்ஸ்டன்டைனின் அரண்மனையிலோ பழைய வரலாற்றாசிரியர்களை வெட்டி 53 தலைப்புகளில் அடுக்கும் பெரிய வேலை நடந்தது. ‘நற்குணங்களும் தீக்குணங்களும்’ ஒரு தலைப்பு, ‘சதிகள்’ இன்னொன்று. அகஸ்டஸின் இளமையைப் பற்றி டமாஸ்கஸ் நிகோலவுஸ் எழுதிய நூலில் இன்று எஞ்சியிருப்பவை இந்தத் தொகுப்பு காப்பாற்றிய துண்டுகள்தான். ஜூலியஸ் சீசரின் கொலையை விவரிக்கும் பகுதி ‘சதிகள்’ தொகுதியில் இருந்ததால் பிழைத்தது. ஒரு பேரரசனின் கொலையை நியாயப்படுத்தும் வரலாற்றை எழுதிய அதே அரண்மனைதான் இதையும் செய்தது என்பதை மறக்கக் கூடாது.

அந்த ஐந்தாவது புத்தகமான பசில் வரலாற்றுக்கு வருவோம். எலும்புக்கூடு, ஊனம், ஒட்டு எல்லாம் ஒரே இடத்தில் தெரியும் நூல் இது. பசில் ஆர்மீனிய வம்சாவளியில் வந்த குடியானவன் வீட்டுப் பிள்ளை. குதிரை பழக்கும் திறனாலும் உடல் வலிமையாலும் அரண்மனைக்குள் வந்தவன். 866இல் பேரரசனின் மாமன் பர்தாஸைக் கொன்றான். 867 செப்டம்பரில் தன்னை இணைப் பேரரசனாக்கிய மூன்றாம் மைக்கேலே கொல்லப்பட்டான். குலமும் இல்லை, கையில் ரத்தமும் உண்டு. மெனாண்டரின் பட்டியலுக்கு இதைவிடச் சங்கடமான நாயகன் கிடைக்க மாட்டான்.

குலத் தலைப்பை நூலாசிரியர் விடவில்லை. தந்தை வழியில் ஆர்மீனிய அர்சாசிடு அரச வம்சம், தாய் வழியில் பெரிய கான்ஸ்டன்டைன், இன்னொரு பக்கம் அலெக்சாண்டர் என்று வரிசைப்படுத்தி நிரப்பிவிட்டார். பிறப்பு அறிகுறிக்கு ஒரு கழுகு. பெற்றோர் அறுவடையில் இருக்கிறார்கள், குழந்தை நிழலில் தூங்குகிறது, வெயில் திரும்பி மேலே விழ, ஒரு கழுகு இறங்கி இறக்கை விரித்து நிழல் தருகிறது. தாய் பயந்து கல்லெறிந்து விரட்டுகிறாள். திரும்பவும் வருகிறது.

இங்கே பலர் ஏமாறுவார்கள். இது பண்டைய நூலிலிருந்து வந்ததா என்று கேட்டால், குறிப்பிட்ட எந்த நூலிலிருந்தும் எடுத்ததாகக் காட்ட முடியாது. சிறைப்பட்டுத் தூங்கிய, பின்னாளில் பேரரசனான மார்சியன் மேல் கழுகு நிழலிட்ட கதையைப் புரோகோபியஸ் 6ஆம் நூற்றாண்டிலேயே சொல்லிவிட்டார். தன் தலைக்கு மேல் கழுகு நிழலிட்டதாகக் கனவு கண்டதற்காகவே அவனைப் போலவே பிறகு பேரரசனான பிலிப்பிகஸ் நாடுகடத்தப்பட்டான் என்று தியோபானிஸ் எழுதுகிறார். அரசனாகப் போகிறவன் மேல் கழுகு இறங்கும் என்பது ஊரறிந்த கதை. மெனாண்டரின் பெட்டியை அது நிரப்புகிறது, அவ்வளவுதான்.

குதிரைக் காட்சி இன்னும் நல்ல சோதனை. வேட்டையில் மைக்கேல் ஒரு முயலைத் தடியால் அடித்துவிட்டு, மகிழ்ச்சியில் குதிரையிலிருந்து கீழே குதிக்கிறான். குதிரை பிய்த்துக்கொண்டு ஓடுகிறது, யாராலும் பிடிக்க முடியவில்லை. பசில் தன் குதிரையை அதன் பக்கத்தில் ஓட்டி, கடிவாளத்தைப் பற்றி, ஓட்டத்திலேயே அரசனின் குதிரை மேல் தாவி ஏறிக்கொள்கிறான். நூலாசிரியர் உடனே அலெக்சாண்டரையும் புகேபலஸையும் பெயர் சொல்லி அழைக்கிறார், கூடவே பெல்லரோபோனையும் பெகாசஸையும். புளூட்டார்க்கிடம் அந்தக் காட்சி எப்படி இருக்கிறது? 13 தாலந்து விலை சொன்ன குதிரை தன் நிழலைக் கண்டே மிரளுகிறது என்று சிறுவன் அலெக்சாண்டர் கவனிக்கிறான். அதைச் சூரியனை நோக்கித் திருப்பி நிறுத்திவிட்டு ஏறுகிறான். அங்கே அடக்குவது கண். பசில் கதையில் அடக்குவது கால் வலுவும் துணிச்சலும். நிழல் இல்லை, வெயில் இல்லை, தந்தை பிலிப் இல்லை. அலெக்சாண்டரின் பெயர் இருக்கிறது, புளூட்டார்க்கின் எழுத்து இல்லை. புராண பெல்லரோபோன் ஜோடியாக வருவதே இது பள்ளியில் மனப்பாடம் செய்த எடுத்துக்காட்டு என்று காட்டிக்கொடுக்கிறது.

புளூட்டார்க் உண்மையில் உள்ளே வருவது மைக்கேலின் சித்திரத்தில். பசிலின் கதை நடுவில் நிற்க, நூலாசிரியர் விலகிப்போய் மைக்கேலின் கூத்துகளைப் பல அத்தியாயங்களுக்கு அடுக்குகிறார். தேரோட்டிகளின் பிள்ளைகளுக்கு ஞானத்தந்தையாக நின்று ராத்தல் கணக்கில் தங்கம் கொடுத்தது. கஜானா வற்றியதும் அரண்மனையின் பொன் மரத்தையும் பொன் சிங்கங்களையும் உருக்கக் கொடுத்தது. கோமாளிகள் பதினொருவருக்கு ஆயர் உடை போட்டு, குருல்லோஸ் என்பவனை மறைமுதல்வனாக்கி, தானே கொலோனியாவின் ஆயராக வேடமிட்டு, ரத்தினம் பதித்த கிண்ணங்களில் காடியும் கடுகும் கலந்து நற்கருணைபோலக் கொடுத்தது. மறைமுதல்வர் இக்னேஷியஸ் வந்திருக்கிறார் என்று சொல்லித் தாய் தியோடோராவை வரவழைத்து, அவள் ஆசி கேட்டு விழுந்து வணங்கும்போது குருல்லோஸ் திரும்பி நின்று காற்றுப் பிரித்தது. மெனாண்டரின் பட்டியலில் இதற்கெல்லாம் பெட்டியே கிடையாது. ஒரு சொல், ஒரு கேலி, ஆயிரம் பேர் மாண்ட போரைவிட ஒருவனின் குணத்தை நன்றாகக் காட்டும் என்று புளூட்டார்க் அலெக்சாண்டர் வரலாற்றின் தொடக்கத்தில் சொல்வதன் தலைகீழ்ப் பயன்பாடு இது.

ரோமிலி ஜென்கின்ஸ் என்ற ஆய்வாளர் 1948இலும் 1954இலும் இதைத் துல்லியப்படுத்த முயன்றார். மைக்கேலின் சித்திரத்துக்கு மாதிரி, ரோமத் தளபதி மார்க் ஆண்டனியைப் பற்றிப் புளூட்டார்க் எழுதிய வரலாறும், அதே புளூட்டார்க் எழுதித் தொலைந்துபோன நீரோ வரலாறும் என்றார். ஆண்டனி பாதி வலுவானது: குடி, நடிகர் கூட்டம், கணக்கில்லாத கொடை என்று அடுக்கும் முறையே ஒத்துப்போகிறது. ஒரு நண்பனுக்குக் கொடுக்கச் சொன்ன பணத்தை, எவ்வளவு பெரிய தொகை என்று உறைக்கட்டும் என வேலையாள் குவித்துக் காட்ட, ‘இவ்வளவுதானா, இன்னும் இதே அளவு சேர்’ என்று ஆண்டனி சொன்ன கதை அந்த வகைக்கு உதாரணம். நீரோ பாதியை ஏற்பது கடினம். புளூட்டார்க் எழுதிய பேரரசர் வரலாறுகளில் கல்பாவும் ஓதோவும் மட்டுமே மிஞ்சின. இல்லாத நூலோடு ஒப்பிட்டு ஒற்றுமை காட்டினால் அதை யாரும் மறுக்கவும் முடியாது, நிறுவவும் முடியாது. என்னைக் கேட்டால், கோமாளி ஆயர் கூத்துக்குப் புளூட்டார்க் எழுதிய, ஏதென்ஸ் தளபதி ஆல்கிபியாடீஸின் வரலாறு இன்னும் நெருக்கம்: அங்கேயும் குடிக் கூட்டம் எலூசிஸ் என்ற ஊரின் ரகசியச் சமயச் சடங்கைக் கேலியாக நடத்துகிறது, யார் எந்தப் பூசாரி வேடம் என்று பெயர் பெயராகப் பங்கிடுகிறது.

இதிலிருந்து ‘ஆக, மைக்கேல் அப்படிச் செய்யவே இல்லை’ என்று முடிவுக்குத் தாவுவதுதான் இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் தவறு. 869–870இல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய திருச்சபைச் சங்கத்தின் 16ஆம் விதி, முந்தைய பேரரசனின் காலத்தில் பிரபுக்கள் ஆயர் வேடமிட்டுச் சடங்குகளைக் கேலி செய்ததைக் கண்டிக்கிறது. அந்தச் சங்கம் பசிலின் ஆட்சியில் கூடியது, ஆகவே அதுவும் பக்கச்சார்பற்றதல்ல; ஆனாலும் கான்ஸ்டன்டைனின் எழுத்தர்கள் பிறப்பதற்கு முன்பே இந்தப் பேச்சு இருந்தது என்று ஆகிறது. 1347இல் வந்த கொள்ளைநோயைப் பேரரசன் ஆறாம் ஜான் கண்டகூசினோஸ் பண்டைய ஏதென்ஸின் கொள்ளைநோயை எழுதிய தூசிடிடீஸின் வாக்கியங்களை எடுத்துத்தான் விவரித்தான். அதில் அவனுடைய சொந்த மகனே இறந்தான். வாக்கியம் இரவல் என்பதால் நோய் இரவலாகிவிடாது.

மாதிரி எதை மறைக்கிறது என்று பார்ப்பது இதைவிட லாபமான வேலை. 863இல் அரபுப் படையை லலகாவோனில் நொறுக்கியது, பல்கேரியர்களின் ஞானஸ்நானம், சிரிலும் மெத்தோடியஸும் ஸ்லாவியரிடம் போனது எல்லாம் மைக்கேலின் ஆட்சியில் நடந்தவை. குடிகாரன் என்ற சித்திரத்துக்குள் இவற்றுக்கு இடமில்லை. கொலையும் அப்படியே. பசில் வரலாற்றில் அது ஒரு வாக்கியத்தின் வேகத்தில் முடிகிறது: பொறுக்க முடியாத பெரியவர்கள் சேர்ந்து காவல் வீரர்களைக் கொண்டு, புனித மாமாஸ் அரண்மனையில் தூங்கிக்கொண்டிருந்தவனை முடித்துவிட்டார்கள். 10ஆம் நூற்றாண்டில் எழுதிய சிமியோன் லோகோதீட்டின் வரலாற்றிலோ, படுக்கையறைக் கதவு பூட்ட முடியாதபடி பசில் தன் கையால் தாழ்ப்பாளை வளைத்து வைக்கிறான். ஜான் கல்டோஸ் என்பவன் மைக்கேலின் இரு கைகளையும் வெட்டுகிறான், அசிலையோன் குத்தி முடிக்கிறான். லோகோதீட் பசில் வம்சத்தின் நண்பர் அல்ல என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஒன்று கூடுதலாக: பசிலின் மனைவி யூடோகியா மைக்கேலின் காதலியாக இருந்தவள், கான்ஸ்டன்டைனின் தந்தை ஆறாம் லியோ 866இல் மைக்கேல் உயிரோடு இருக்கும்போதே பிறந்தவன். தாத்தாவுக்காக இவ்வளவு பாடுபட்டவன் ஒருவேளை குடிகாரனின் பேரனாகவே இருக்கலாம் என்ற சந்தேகம் அன்றே உண்டு.

நீங்களே ஒரு நூலைச் சோதிக்க விரும்பினால், ஓரத்தில் மெனாண்டரின் தலைப்புகளைக் குறித்துக்கொண்டே போங்கள். பசில் வரலாற்றில் முதல் இருபது அத்தியாயங்களில் நாடு, குலம், பிறப்பு, வளர்ப்பு எல்லாம் வரிசையாக வந்துவிடும். பின்பாதியில் போர்கள் ஒரு தொகுதி, கட்டடங்களும் தேவாலயப் பழுதுபார்ப்பும் இன்னொரு தொகுதி என்று மெனாண்டரின் போர், அமைதி என்ற பிரிவினை தெரியும். 880இல் அர்ப்பணித்த புதிய தேவாலயத்தைப் பற்றிய பகுதியில் எழுத்தாளருக்கு மூச்சே வாங்காது. எந்தத் தலைப்பிலும் அடங்காமல் நிற்கும் பகுதிகளைத் தனியே எடுத்துவையுங்கள். மாதிரி நூலைத் தேட வேண்டியது அந்த மிச்சத்துக்குத்தான். ஒற்றுமை கிடைத்தால், ஒரே கருத்து என்பதோடு நிற்காதீர்கள்; அரிதான சொல், அல்லது மூன்று நான்கு விவரங்கள் அதே வரிசையில் வருகின்றனவா என்று பாருங்கள். கணினித் தேடலில் கொத்தாகக் கிடைக்கும் பொதுச் சொற்றொடர்கள் பள்ளிக்கூடத்தின் சொத்து, அவை எதையும் நிரூபிக்காது. கடைசியாக, அதே நிகழ்ச்சியை எதிர்த்தரப்பு எழுதியது இருந்தால் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில்தான் மாதிரி வேலை செய்துகொண்டிருக்கும்.

புளூட்டார்க்கின் உண்மையான வாரிசு என்று ஒருவரைச் சொல்லச் சொன்னால், ஒரு நூற்றாண்டு தள்ளி வரும் அரசவை அறிஞர் மைக்கேல் செல்லோஸைத்தான் சொல்வேன். அவருடைய ஆசிரியர் ஜான் மவ்ரோபூஸ், ‘புறச்சமயத்தாரில் யாரையாவது தண்டனையிலிருந்து விடுவிப்பதானால் பிளேட்டோவையும் புளூட்டார்க்கையும் எனக்காக விட்டுவிடு’ என்று கிறிஸ்துவிடம் கேட்டுக் கவிதை எழுதியவர். செல்லோஸ் 976இலிருந்து தன் காலம் வரை ஆண்ட பேரரசர்களை ஒவ்வொருவராக எழுதினார். இரண்டாம் பசில் கோபத்திலும் யோசனையிலும் தாடி மயிரை விரலால் திரிப்பான் என்பது போன்ற விவரங்களில் கை தெரிகிறது.

அவருடைய நான்காம் மைக்கேலைப் பசிலோடு சேர்த்துப் படிக்க வேண்டும், இருவரும் கொலையின் வழியாக வந்தவர்கள். மூன்றாம் ரோமானஸ் 1034இல் குளியல் தொட்டியில் இறந்தான். அவன் மனைவி சோயியின் காதலனான மைக்கேல் அன்றே அரியணை ஏறினான். செல்லோஸ் அந்தக் குற்றத்தை ஒளிப்பதில்லை. அதற்கப்பால் அவனுடைய உழைப்பை, நோயாளிகளுக்குச் செய்த தொண்டை, உடல் வீங்கிய நிலையிலும் பல்கேரியப் போருக்குக் கிளம்பியதை எழுதுகிறார். வலிப்பு நோய்க்காக அரியணையின் இரு பக்கமும் சிவப்புத் திரை கட்டியிருந்தார்கள். கண் சுழல்வதையோ தலை ஆடுவதையோ பார்த்த உடனே பணியாட்கள் வந்தவர்களை வெளியே போகச் சொல்லித் திரையை இழுத்துவிடுவார்கள். ஒரு குற்றம் தவிர்த்தால் சிறந்தவர்களில் வைக்கத் தகுந்தவன் என்பது செல்லோஸின் தீர்ப்பு. மெனாண்டரை மட்டும் படித்தவரால் இப்படி ஒரு தீர்ப்பை எழுத முடியாது.

எங்கிருந்து கற்றார் என்பதையும் அவரே சொல்கிறார். ஒன்பதாம் கான்ஸ்டன்டைனிடம் சம்பளமும் சலுகையும் பெற்ற தான் அவன் குறைகளை எழுதுவதற்குச் சமாதானம் சொல்லும் இடத்தில், அலெக்சாண்டர், இரு சீசர்கள், பிர்ரஸ், எபமினோண்டாஸ், அகெசிலாவுஸ் என்று பட்டியலிட்டு, அவர்களின் வாழ்க்கையை எழுதியவர்களே அவர்களிடமும் குறைகளைக் காட்டியிருக்கிறார்கள் என்கிறார். இந்தப் பெயர்கள் பெரும்பாலும் புளூட்டார்க்கின் அலமாரியிலிருந்து வந்தவை.

இளவரசி அன்னா கொம்னீனி தன் தந்தை, பேரரசன் அலெக்சியஸைப் பற்றி எழுதிய 15 புத்தகங்களை இந்த வரிசையில் சேர்ப்பார்கள், நான் அவ்வளவாகச் சேர்ப்பதில்லை. ‘அலெக்சியாட்’ என்ற தலைப்பே ஹோமரின் ‘இலியாட்’ நோக்கிப் போகிறது. நண்பனைக் கண்டிக்கவும் பகைவனைப் புகழவும் தயங்கக் கூடாது என்ற முன்னுரை வாக்கு பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸின் கொள்கை. சிலுவைப்போர்த் தலைவன் பொகிமுண்டின் உடல் வர்ணனை மட்டும் எந்தப் பண்டைய சித்திரத்தோடும் போட்டி போடும்.

தொடங்குபவர்களுக்கு: மெனாண்டரின் அரச உரைப் பகுதி, செனோபோனின் அகெசிலாவுஸ், புளூட்டார்க்கின் ஆண்டனியில் முதல் பத்துப் பன்னிரண்டு அத்தியாயங்கள், அதன் பிறகு பசில் வரலாறு என்ற வரிசை வசதியானது. பசில் வரலாற்றுக்கு இகோர் ஷெவ்சென்கோ தயாரித்து அவர் மறைவுக்குப் பின் 2011இல் வந்த பதிப்பில் கிரேக்க மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் எதிரெதிர்ப் பக்கங்களில் உள்ளன. தலைப்பில் கான்ஸ்டன்டைனின் பெயர் இருந்தாலும் எழுதிய கை அரண்மனை எழுத்தர் ஒருவருடையது என்பது ஷெவ்சென்கோவின் கருத்து. ‘பேரரசர் புளூட்டார்க்கைப் படித்திருந்தார்’ என்று எங்காவது பார்த்தால், எந்தக் கையைச் சொல்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.